உங்கட பகுதியை மட்டும் காட்டுங்கோ

புதன்கிழமை காலையிலிருந்து பிரசாந்தனின் போன் வேலை செய்யவில்லை. நிஹ்லா முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவன் அப்படித்தான். சார்ஜ் இல்லை என்பான், டேட்டா முடிந்துவிட்டது என்பான், பின்னேரம் ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து நிற்பான். வியாழக்கிழமையும் போனது. வெள்ளிக்கிழமை காலை அவள் வளாகத்துக் கணினிக்கூடத்தில் ஒரு மூலைக் கதிரையில் போயிருந்து, அவர்கள் இருவருடைய புரொஜெக்ட்டையும் முதல்முறையாகத் தனியே திறந்தாள். அடுத்த வெள்ளி வைவா, வாய்மொழிப் பரீட்சை. சரியாக ஏழு நாள் இருந்தது.

அந்தப் பாடத்தின் பெயரே ஒரு முழ நீளம்: பொருள்நோக்கு மென்பொருள் வடிவமைப்பும் கட்டுமானமும். வவுனியா வளாகத்தில் பெடியள் அதை, 'ஒப்ஜெக்ட் ஓரியன்டட்' என்ற இங்கிலீசுப் பெயரை வைத்து, 'டபிள் ஓ' என்று சுருக்கிவிட்டார்கள். போன வருசம் எழுத்துப் பரீட்சையில் நிஹ்லா அதில் விழுந்தாள். பிரசாந்தன் பரீட்சைக்கே வரவில்லை. அதைத் திரும்ப, றிப்பீற்றாக எழுதுகிறவர்கள் அந்த இரண்டு பேரும்தான் என்பதால் அவர்களை ஒரு குழுவாகப் போட்டார்கள். இந்தமுறையும் விட்டால் நாலாம் வருசம் கிடையாது. சிறப்புப் பட்டத்தை மறந்துவிட்டு, மூன்று வருசப் பொதுப் பட்டத்தோடு வெளியே போகவேண்டியதுதான்.

"எனக்கு இங்கிலீசு ஓடாது, உமக்குக் கோட் ஓடாது. நல்ல சோடி," என்று முதல் நாளே பிரசாந்தன் சொன்னான். அவன் பளைப் பெடியன். கீபோர்டில் அவன் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பாதிப் பயம் போய்விடும். புரோகிராமுக்கான கோட் எழுதுவது அவன், அதை விளக்கும் இங்கிலீசு றிப்போட் அவள் என்று பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் சொல்வது அவளுக்கு விளங்காமலில்லை. கிளாஸ் என்பது ஓர் அச்சு. அந்த அச்சிலிருந்து வார்த்தெடுப்பது ஒப்ஜெக்ட். ஒவ்வொரு ஒப்ஜெக்டும் தன்னுடைய தகவலைத் தானே வைத்திருந்து, கேட்கிறவர்களுக்குத் தானே பதில் சொல்லும். கடதாசியில் பெட்டி பெட்டியாகக் கீறி, கோடு இழுத்து, அழகாகக் காட்டிவிடுவாள். வெறுந்திரைக்கு முன்னால் இருந்தால்தான் கை மரத்துப்போகும். அதனால் மூன்று மாதத்தில் ஒரு வரி கோட்கூட அவள் எழுதவில்லை. எழுதவேண்டி வரவுமில்லை.

புரொஜெக்ட் ஒரு கமக்காரர் அமைப்புக்கானது. காலபோக அறுவடை வந்தால் எல்லாருக்கும் ஒரே கிழமையில் வெட்டுமெசின் வேண்டும். எந்த மெசின் எந்த நாள் யாருடைய வயலுக்குப் போகிறது என்று பதிந்துகொடுக்கவேண்டும். ஒரே நாளில் ஒரு மெசினை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக்கூடாது. அவ்வளவுதான். இடைத்தவணை மதிப்பீட்டில் பிரசாந்தன் மூன்று பேருடைய பெயரை அடித்துக் காட்டினான். பட்டியல் வந்தது. இருபதுக்குப் பதினாறு போட்டார்கள்.

இப்போது நிஹ்லா பெயர்க் கட்டத்தில் தன் உம்மாவின் பெயரை அடித்தாள். பரீனா. திகதியைக் கொடுத்து அழுத்தினாள். 'பதிவு வெற்றி' என்று பச்சை எழுத்தில் வந்தது. பட்டியலைத் திறந்தாள். சிற்றம்பலம், குகதாசன், லக்சிகா. பரீனா இல்லை.

திரும்ப அடித்தாள். பதிவு வெற்றி. சிற்றம்பலம், குகதாசன், லக்சிகா.

பெயர்க் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அழுத்திப் பார்த்தாள். அதற்கும் பதிவு வெற்றி.

கோட் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே இறங்கினாள். இரண்டாயிரத்து முந்நூறு வரி, ஒரே கோப்பு, ஒரே கிளாஸ். ஆயிரத்துச் சொச்சம் வரி தாண்டி அந்த மூன்று பெயரும் முன்கூட்டியே அடித்து வைத்துக் கிடந்தன. எதை அழுத்தினாலும் அந்த மூன்றையும் திரையில் போடு, அவ்வளவுதான். இடைத்தவணையன்று அவன் அந்த மூன்று பெயரைத் தவிர வேறு எதையும் அடிக்காதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

காது இரண்டும் சூடேறியது. பக்கத்தில் இருந்தவர்கள் தன் திரையைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. பைக்குள் அவளுடைய நாற்பது பக்க றிப்போட் இருந்தது. அதில் எட்டுக் கிளாஸைப் பற்றி விளக்கமாக எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அந்த எட்டில் ஒன்றுகூட இந்தக் கோட்டில் இல்லை. ஒருநாளாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை யாழ்ப்பாண பஸ் பிடித்துப் பளையில் இறங்கினாள். றெயில் ஸ்டேசனுக்குப் பின்பக்கம் வீடு என்று அவன் எப்போதோ சொன்னது ஞாபகம். ஒரு கடையில் கேட்டாள். கையை நீட்டிக் காட்டினார்கள். வளவில் ஒரு அம்மா விழுந்த தேங்காய்களைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தா.

"நான் பிரசாந்தனோட படிக்கிறனான் அம்மா. வவுனியாவில இருந்து வாறன். நிஹ்லா."

"றிப்போட் எழுதுற பிள்ளையோ? உம்மைப் பற்றிக் கதைச்சிருக்கிறான். வாரும், உள்ளுக்கு வந்து இரும்."

அவாதான் அவனுடைய தாய் இராசேஸ்வரி. கதிரையை இழுத்துப் போட்டு, குசினிக்குள் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தா. நிஹ்லா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரசாந்தன் நிக்கிறாரோ?" என்று கேட்டாள்.

அவா முகத்தைப் பார்த்தா. "உமக்குச் சொல்லேல்லையோ? செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனவன். புதன் விடிய பிளைட். ருமேனியாவுக்கு. ஏதோ கொம்பனியாம்."

நிஹ்லாவுக்குக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஆரிட்டயும் சொல்லாதேங்கோ எண்டுதான் போனவன். போய்ச் சேருமட்டும் சொல்லக்கூடாதாம், கண்பட்டிடுமாம்," என்றா இராசேஸ்வரி. பிறகு கதிரை நுனியில் வந்திருந்து குரலைத் தாழ்த்தினா. "கம்பசில ஒரு வருச லீவு குடுத்திருக்கினமாம். வந்து விட்ட இடத்தில இருந்து படிக்கலாமாம். அப்பிடித்தானே பிள்ளை?"

அவாவின் விரலிடுக்குகளில் தேங்காய்த் தும்பு ஒட்டியிருந்தது. நிஹ்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். றிப்பீற் எழுதுகிறவர்களுக்கு லீவு கிடையாதென்று அவளுக்குத் தெரியும்.

"ஓம் அம்மா. அப்பிடிக் குடுக்கிறவை."

"எனக்கு அதுதான் யோசினையாக் கிடந்தது. இனிப் பறவாயில்லை." அவாவின் தோள் இறங்கியது தெரிந்தது. போகும்போது இரண்டு தேங்காயை ஒரு பையில் போட்டுக் கையில் தந்தா. வேண்டாமென்றாலும் கேட்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. ஆனையிறவு வெளியில் காற்று முகத்தில் அடித்தது. தேங்காய்ப் பை காலுக்கிடையில் உருண்டுகொண்டிருந்தது. அவன் போய்விட்டான் என்பதைவிட, அந்த அம்மாவுக்கு முன்னால் தன் வாயில் பொய் அவ்வளவு லேசாக வந்ததுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. கிளிநொச்சி தாண்டும்வரை அவள் வேறு ஒன்றையுமே யோசிக்கவில்லை. மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவுப் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒருமுறை நினைத்தாள். இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உம்மா நீராவிப்பிட்டி வீட்டிலிருந்து போன் எடுத்தா. "உன்ட கம்ப்யூட்டர் வேலை முடிஞ்சுதா மகள்? வாப்பா கடையில வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டு இருக்கிறார், வெள்ளிக்கிழமை மகளுக்குப் பெரிய சோதினை எண்டு. துஆ செய்யச் சொல்றார்."

"முடியப் போகுது உம்மா," என்றாள்.

திங்கட்கிழமை காலை விரிவுரையாளர் விமலேஸ்வரியின் அறைக் கதவைத் தட்டினாள். அந்தப் பாடம் அவாவுடையது. கண்டிப்பான மனுசி, ஆனால் யாரையும் ஏளனமாகக் கதைத்து நிஹ்லா கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் வந்திருந்தாள். வருகிற வழி முழுக்க வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

"மிஸ், பிரசாந்தன்…"

"தெரியும். விலகுறன் எண்டு ஈமெயில் போட்டிருக்கிறார்." விமலேஸ்வரி பேனையை மூடி வைத்தா. "நீங்கள் பயப்படத் தேவையில்லை. அவர் செய்ததுக்கு உங்களைக் கேள்வி கேக்கமாட்டம். வெள்ளிக்கிழமை உங்கட பகுதியை மட்டும் காட்டுங்கோ. அதுக்கு மட்டும் புள்ளி போடுவம்."

நல்ல மனதோடுதான் அவா அதைச் சொன்னா.

"வேற ஏதும் இருக்கோ?"

"இல்லை மிஸ்."

வெளியே வந்து சைக்கிள் விடுகிற கொட்டகைக்குப் பக்கத்துப் படியில் இருந்தாள். அவளுடைய பகுதி. மூன்று மாதத்தில் அவளுடைய பகுதி என்று எதைக் காட்டுவது? இல்லாத கிளாஸுக்குக் கீறிய படங்களையா? பிரசாந்தனை மாதிரி போனை நிறுத்திவிட்டு, யாருக்கும் சொல்லாமல் எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது. ஆனால் போவதற்கு அவளுக்கு ருமேனியா இல்லை. நீராவிப்பிட்டிதான் இருந்தது. அங்கே வாப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவன் எழுதியதைத் திருத்தப் பார்த்தாள். அந்த மூன்று பெயரையும் எடுத்துவிட்டு, அடிக்கிற பெயரைச் சேமிக்கச் செய்தால் போதும் என்றுதான் நினைத்தாள். பெயரைச் சேமித்தால் திகதி காணாமல் போனது. திகதியைச் சரி பண்ணினால் லான்ட்மாஸ்டர் உழவுமெசினும் வெட்டுமெசினும் ஒன்றாகக் கலந்தன. நூறாவது வரியில் தொட்டது ஆயிரத்தெண்ணூறாவது வரியில் உடைந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திரையில் சிற்றம்பலமும் வரவில்லை, குகதாசனும் வரவில்லை. சிவப்பு எழுத்தில் பிழைகள் மட்டும் பக்கம் பக்கமாக ஓடின. பழைய பிரதியைத் திரும்ப எடுத்துப் போட்டுவிட்டு, கையைத் துடையில் வைத்துக்கொண்டு இருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

விடுதியில் அவளோடு அறையில் இருப்பவள் தேனுகா. கொக்கிளாய்க் கடற்கரைப் பிள்ளை; முகாமைத்துவம் படிக்கிறாள். பின்னேரம் நிஹ்லா வந்து கட்டிலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்து, பாணும் சம்பலும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"ரண்டு நாளா நீ சாப்பிடுறேல்ல. என்ன எண்டு சொல்லு."

சொன்னாள். மூன்று பெயர், பளை, லீவு என்ற பொய், விமலேஸ்வரி மிஸ், எல்லாவற்றையும். வாய்விட்டுச் சொல்லும்போது அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"அப்ப நீ ஒண்டும் எழுதேல்ல."

"இல்லை."

"இண்டைக்குச் செவ்வாய். இனி என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது."

தேனுகா பாணைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தாள். "எனக்கு உன்ர கோட் விளங்காது. ஆனால் ஒண்டு கேக்கிறன். மெசின் எண்டைக்குச் சும்மா நிக்குது எண்டு ஆரிட்டக் கேக்கிறது?"

"கமக்காரர் அமைப்புச் செயலாளரிட்ட. அவரிட்டத்தான் எல்லாப் பதிவும்."

"எங்கட ஊரில வள்ளம் வேணுமெண்டால் வள்ளக்காரரிட்டத்தான் போய்க் கேப்பினம், எண்டைக்குத் தொழிலுக்குப் போறாய், எண்டைக்கு நிக்கிறாய் எண்டு. சங்கத்தில போய்க் கேட்டால் அவைக்கு என்ன தெரியும்?"

பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை அது. இரண்டாம் கிழமை விரிவுரையில் அதைத்தான் சொன்னார்கள். நிஹ்லாவின் றிப்போட்டிலேயே ஒன்பதாம் பக்கத்தில், நல்ல இங்கிலீசில், அதே விசயம் இருந்தது. மெசின் தன் நாட்களைத் தானே வைத்திருக்கவேண்டும். வேறு யாரும் அதற்குள் கை வைக்கக்கூடாது. எழுதியிருந்தாள், ஆனால் செய்து பார்க்கவில்லை. வள்ளக்காரனை நினைத்துப் பார்த்தபோதுதான் எங்கே தொடங்குவதென்று ஒரு பிடி கிடைத்தது.

புதன்கிழமை காலை கணினிக்கூடம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். பிரசாந்தனின் கோப்பை மூடிவிட்டு வெறுங்கோப்பு ஒன்றைத் திறந்தாள். மெசினுக்கு ஒரு கிளாஸ். அதற்குள் அதன் நாட்கள். 'இந்த நாள் வருவாயா' என்று கேட்டால் ஓம் அல்லது இல்லை என்று அது சொல்லவேண்டும். எட்டு வரி எழுதுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் போனது. அடைப்புக்குறியை மறந்தாள், பெயரைப் பிழையாக அடித்தாள், ஒரு சின்னப் பிழையைத் தேடி ஒரு மணித்தியாலம் அலைந்தாள். இடையில் இரண்டுமுறை கோப்பை மூடினாள். இரண்டுமுறையும் போக இடமில்லாமல் திரும்பத் திறந்தாள்.

பதினொன்றரைக்கு உம்மாவின் பெயரை அடித்தாள். பட்டியலைத் திறந்தாள். பரீனா என்று ஒரு வரி வந்தது, ஒரேயொரு வரி. அதே நாளுக்கு இன்னொரு பெயரைக் கொடுத்தாள். 'அன்றைக்கு வேலை இருக்கிறது' என்று மெசின் மறுத்தது. அந்த வசனத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். மூன்று மாதமாக யாரோ செய்கிறதைத் தூரத்தில் நின்று பார்த்தது மாதிரி இருந்த விசயம், தான் சொன்னதைக் கேட்டு ஒரு வேலை செய்தது. அந்தச் சந்தோசம் பத்து நிமிசம் நின்றிருக்கும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். எட்டுக் கிளாஸில் ஒன்று முடிந்திருக்கிறது. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஒப்படைக்கவேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் வரை நாலு கிளாஸ் முடிந்தது. முந்நூற்றுப் பத்து வரி. லான்ட்மாஸ்டர் வேலை செய்தது. பெயரைத் தேடுகிற பகுதி இல்லை. பதிவை இரத்துச் செய்கிற பகுதி இல்லை. இரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எழுந்து வெளியே போய் எடுத்தாள்.

"நான்தான்," என்றான் பிரசாந்தன். பின்னால் ஏதோ மெசின்கள் இரையும் சத்தம் கேட்டது.

"ஏன் சொல்லேல்ல நீர்?"

"வெக்கமா இருந்தது. ரண்டு மாசமா நான் ஒரு வரியும் எழுதேல்ல. விசா அலுவலாக் கொழும்புக்கும் பளைக்கும் ஓடித் திரிஞ்சன். நீர் ஒருநாள் திறந்து பார்ப்பீர், பார்த்திட்டுக் கேப்பீர், அப்ப சொல்லுவம் எண்டு நினைச்சன். நீர் திறக்கவே இல்லை."

"உம்மட வீட்டை போனனான்," என்றாள். "அம்மாவுக்கு லீவு எண்டு சொல்லியிருக்கிறீர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"லீவு எண்டுதான் சொன்னன்."

"தாங்ஸ்."

"தாங்ஸ் சொல்லாதேயும். அவாவுக்கு நீர்தான் உண்மையைச் சொல்லவேணும்."

"சொல்லுறன்." பிறகு, "உமக்கு ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறன், பாரும்," என்றான். "தெரிஞ்ச அண்ணா ஒராள் முந்தி செய்த புரொஜெக்ட். வாடகைக் கார் பதியிறது. நாலு நாளா டியூட்டி முடிய இருந்து, காரை எல்லாம் மெசின் எண்டு மாத்தினனான். முழுக்க ஓடும். அதைப் போடும். ஆருக்கும் தெரியாது. உமக்கு நான் செய்யக்கூடியது இதுதான்."

திறந்து பார்த்தாள். அதற்குள் முப்பத்தொரு கோப்பு. ஓட விட்டாள். தேடலும் இருந்தது, இரத்தும் இருந்தது, நிறம் நிறமாக நாட்காட்டியும் இருந்தது. எங்கேயும் உடையவில்லை. வாப்பா கடையில் சொல்லித் திரிகிற மகள் செய்திருக்கவேண்டியது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நேரம் மூன்று மணி.

முதல் ஆறு கோப்பும் வாசிக்க விளங்கின. ஏழாவதிலிருந்து விளங்கவில்லை. பத்தாவது கோப்பில் ஒரு வரியில் விரலை வைத்து, "இது ஏன் இங்க இருக்கு?" என்று யாரோ கேட்பதை நினைத்துப் பார்த்தாள். கோப்பை மூடினாள். மூன்று ஐம்பதுக்குத் தன்னுடைய முந்நூற்றுப் பத்து வரியை ஒப்படைத்தாள். அது நேர்மை என்று தேனுகா பிறகு சொன்னபோது, நேர்மை இல்லை, பயம் என்றாள் நிஹ்லா. அவள் அப்படித்தான் நம்பினாள்.

வைவாவில் இரண்டு பேர் இருந்தார்கள்: விமலேஸ்வரியும், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பரிசோதகரும். அவர் மெலிந்த மனிதர், மெதுவாகக் கதைத்தார். நிஹ்லா ஓட்டிக் காட்டினாள். ஐந்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. காட்ட அவ்வளவுதான் இருந்தது.

"சின்னதா இருக்கு," என்றார் அவர். "சரி. இப்ப வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வருது. ஒரு ட்ரோன் ஒருநாளில நாலு வயலுக்குப் போகும். அதை இதுக்குள்ள சேருங்கோ. இருபது நிமிசம் தாறன்."

அவள் மெசின் கிளாஸைத் தாயாக வைத்து, அதிலுள்ளதெல்லாம் தானாக வருகிற ஒரு பிள்ளைக் கிளாஸை ட்ரோனுக்கு எடுத்தாள். ஒரு நாளைக்கு நாலு தரம் ஓம் சொல் என்று எழுதினாள். பத்து நிமிசத்தில் அது ஓடியது. முதல் வயலைப் பதிந்தாள். இரண்டாவதைப் பதிந்தாள். பட்டியலைத் திறந்தபோது இரண்டாவது மட்டும்தான் இருந்தது. முதலாவது அழிந்துபோயிருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். பதினாறாவது நிமிசத்தில்தான் கண்டுபிடித்தாள்.

"பிழை ட்ரோனில இல்லை சேர்," என்றாள். "தாய்க் கிளாஸில இருக்கு. ஒரு நாளுக்கு ஒரு வயல்தான் எண்டு நான் அங்க எழுதிட்டன். வெட்டுமெசினை மட்டும் நினைச்சு எழுதினது. அது எல்லா மெசினுக்கும் பொருந்தாது. அங்க அது இருக்கக்கூடாது."

"திருத்த ஏலுமோ?"

"ஏலும். ஆனால் நாலு நிமிசத்தில ஏலாது."

அவர் எதையோ எழுதினார். பிறகு மேசையிலிருந்த பழைய தாளைப் புரட்டி, "இடைத்தவணையில காட்டினது வேறயா இருக்கே. அதில உங்கட வேலை எது?" என்று கேட்டார்.

விமலேஸ்வரி நிமிர்ந்து அவளைப் பார்த்தா. பிரசாந்தனின் பகுதிக்குக் கேள்வி கேட்கமாட்டோம் என்று அவா சொன்னது உண்மைதான். இது பிரசாந்தனைப் பற்றிய கேள்வி இல்லை. படமெல்லாம் நான் கீறியது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது முழுப் பொய்யும் இல்லை. பளை வளவில் அந்தப் பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று ஞாபகம் வந்தது.

"அந்தக் கோட்டில என்ர வேலை ஒண்டும் இல்லை சேர். அது பதிவு செய்யிற மாதிரிக் காட்டுது, ஆனால் ஒண்டையும் பதியாது. எனக்கே போன வெள்ளிதான் தெரியும்."

"நீங்கள் போகலாம்," என்றா விமலேஸ்வரி.

ஆறு கிழமைக்குப் பிறகு புள்ளி வந்தது. முப்பத்தாறு. நாற்பது எடுத்தால் பாஸ். இடைத்தவணையின் பதினாறையும் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பதினாறில் நாலு புள்ளி மிஞ்சியிருந்தாலே அவள் நாலாம் வருசத்துக்குப் போயிருப்பாள். அந்த ஒரு கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று எத்தனையோ தடவை நினைத்தாள். குளிக்கும்போது நினைத்தாள், வகுப்பில் நினைத்தாள். உண்மையைச் சொன்னதால் மனம் லேசாகும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தாறு என்ற இலக்கம் கல்லைப் போல உள்ளே கிடந்தது.

வீட்டுக்குப் போன அன்று குசினியில் வைத்து உம்மாவிடம் முதலில் சொன்னாள். உம்மா அடுப்பை நிறுத்தினா. "வாப்பாட்ட நான் சொல்லவா?" என்று கேட்டா.

"இல்ல. நான் சொல்றன்."

வாப்பா இஸ்ஸதீனின் கடை பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் இருந்தது. பலசரக்கோடு உரம், மண்வெட்டிப்பிடி, கயிறு எல்லாம் வைத்திருந்தார். ஒரு மனிதருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும், "இதுதான் எங்கட மகள், கம்ப்யூட்டர் எஞ்சினியருக்குப் படிக்குது," என்றார்.

"வாப்பா, நான் அந்தப் பாடத்தில திரும்பவும் பெயில்," என்றாள் நிஹ்லா. "நாலாம் வருசம் எனக்கு இல்ல."

வந்திருந்த மனிதர் கயிற்றுச் சுருளைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார். வாப்பா தராசிலிருந்த பருப்பைப் பைக்குள் கொட்டினார். பிரசாந்தன் போனதை மட்டும் அவள் முந்தியே போனில் சொல்லியிருந்தாள்; உம்மா அதை வாப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும்.

"அந்தப் பொடியன் இடையில விட்டுட்டுப் போனதாலதானே?"

அவர் அதை அவளுக்காகத்தான் கேட்டார். ஓம் என்றால் போதும். நாளைக்குக் கடைக்கு வருகிற எல்லாரிடமும் அவர் அதைத்தான் சொல்வார், யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள்.

"இல்ல வாப்பா. நான் எழுதேல்ல. மூணு மாசம் அவர் எழுதுவார் எண்டு நான் சும்மா இருந்துட்டன்."

வாப்பா பருப்பைக் கட்டி அந்த மனிதரிடம் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட வந்தபோது சோற்றுக் கோப்பையைப் பார்த்தே சாப்பிட்டார். அஸர் தொழுகைக்குப் போய் வந்த பிறகு, அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மூணு வருசப் பட்டத்துக்கு இன்னும் எத்தின பாடம் கிடக்கு?"

"ஆறு."

"அந்த ஆறையும் நீயே எழுது," என்றார். குரலில் கோபமும் இருந்தது, களைப்பும் இருந்தது. பதிலுக்கு நிற்காமல் கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவள் வவுனியாவுக்குத் திரும்பினாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் வகுப்பு இருந்தது.